மடித்தால் பை, விரித்தால் சைக்கிள்

இன்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடைக்குச் சைக்கிள் பார்க்கப் போனேன். பின்னேரங்களில் கடலோரமாகச் சும்மா ஓட்டத்தான்.

என் ஃப்ளாட்டில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையே உள்ள இடத்தைத் தோளில் போடும் ஷோலால் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு சைக்கிளிலும் அதைப் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே முடிச்சைத் தாண்டி நீண்டன.

கடைக்கார நானா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மகள், சைக்கிளுக்கு உடுப்புத் தைக்கவா?"

விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து மடிக்கும் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். நொடியில் மடித்து, கறுப்புப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்தார். முடிச்சுக்குள் அடங்கியது.

"இனி பஸ்ஸிலயும் கொண்டு போகலாம்."

பையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரும்புக் குழாய்கள் தட்டுப்பட்டன.

"ஆமி செக்பொயின்டில இதை என்னெண்டு சொல்லுறது, நானா?"

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிப்பைத் திறந்து சைக்கிளை விரித்தார்.

"ரோட்டுல ஓட்டிட்டே போங்க மகள். மடிக்கிறத வீட்டுக்குள்ள வெச்சிக்கோங்க."

வாங்கிவிட்டேன். பையை மட்டும் அவரிடமே விட்டுவந்தேன்.

எனக்கு அடையாள அட்டை இருக்கிறது, சைக்கிளுக்குப் பில் இருக்கிறது. கடற்கரை வரை போய்வர இது போதுமா, வேறு ஏதும் வேண்டுமா? ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்.