மாடிக்கு இழுத்த வயர்

லிஃப்ட்காரர் வாய் திறந்து பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருடைய மனைவி கேலி செய்வாள். அதில் பொய்யில்லை. ஆஸ்பத்திரி, ஆபீஸ், அடுக்குமாடி என்று ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்தே தலை நரைத்த மனிதர். இரண்டு தளங்களுக்கு நடுவே யாராவது சிக்கிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்து முதலில் பேச்சுக் கொடுப்பார். "பயப்படாதீங்க, காத்து வருது, மூச்சு முட்டாது. ஆமா, உங்களுக்கு எத்தனை பசங்க?" ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசி அவர்களைச் சிரிக்க வைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். வீட்டுக்கு வந்தால் இந்த வரிசை தலைகீழ். முதலில் ஸ்பேனர், பேச்சு வரவே வராது. மகள் பரீட்சையில் தோற்றுப்போய் அழுத அன்று, ஐயா வாசலில் உட்கார்ந்து அவளுடைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதை வாயால் சொல்லத் தெரியாத ஜென்மம், அவ்வளவுதான்.

அந்த மகள் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு பெட்டியும் லேப்டாப்புமாகத் திரும்பி வந்தாள். இனி அவனோடு வாழ முடியாது என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள். இருவரும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தார்கள். அப்பா மாடியறைக்குப் போய் மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

மகளுக்கு ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் நாளெல்லாம் மீட்டிங். வைஃபை ரூட்டரோ கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய கட்டடம், சுவரும் கூரையும் நல்ல தடிமன். மாடியறையில் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போகும். அதனால் அவள் ஹாலில் இருந்த சாப்பாட்டு மேஜையையே ஆபீஸாக்கிக்கொண்டாள்.

எதிர் நாற்காலியில் அப்பா. சத்தம் வரக் கூடாதென்று டிவியை ஊமையாக்கிவிட்டு, பட்டாணி உரிப்பார், பேப்பர் பார்ப்பார். அவள் மைக்கை அணைத்துவிட்டு, "அப்பா, இந்த மேனேஜருக்கு ஒரு மண்ணும் தெரியாது. சும்மா பில்டப்பு" என்பாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வந்த புதிதில் ஒரு வாய் சோறு இறங்காதவள், மெல்ல மெல்ல இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. அவள் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், பழையபடி ஆக வேண்டும். அதைத் தவிர அந்த மனுஷனுக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

ஒரு நாள் அவருடைய அக்கா வந்தாள். அவளுடைய வாய்க்குப் பூட்டே கிடையாது. மகள் மீட்டிங்கில் இருக்கிறாள் என்பதையெல்லாம் பாராமல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்படி என்னம்மா அவன்கிட்ட பெரிய குறையக் கண்டுட்ட? பொம்பளதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகணும்" என்று ஆரம்பித்தாள். மைக் திறந்திருந்தது. ஆபீஸே கேட்டிருக்கும். மகளின் முகம் செத்துப்போயிற்று.

'அக்கா, வாயை மூடு' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். காலையில் கடைக்குப் போய் இன்னொரு ரூட்டர் வாங்கி வந்துவிட்டார். கண்டவர்கள் வாயில் விழாமல், தன் அறையில் அவள் நிம்மதியாக வேலை பார்க்கட்டும் என்பது அவருடைய கணக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் புது ரூட்டரை மாடியறையிலேயே வைத்தார். கோடு நாலும் நிறைந்து நின்றது. நெட் மட்டும் நகரவில்லை. கீழேயிருந்து மேலே எட்டாத சிக்னலை அது எங்கிருந்து வாங்கித் தரும்? பிறகு மாடிப்படியின் நடுத்திருப்பத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தேவலை, ஆனால் மீட்டிங்கில் முகம் உறைந்து உறைந்து வந்தது. கடைசியில் கேபிள் வாங்கி, படிச்சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து மேலே கொண்டுபோய், கதவு நிலையில் துளை போட்டு அறைக்குள் இழுத்தார். போன் பேசும்போது அவள் பால்கனியில் நடப்பாள் என்று அங்கேயும் ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். ஆள் எங்கே நடந்தாலும் போன் தானாக மாறிக்கொள்ளும்.

அவர் துளை போடுவதை மகள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குப்பா இவ்ளோ சிரமம்? நான் கீழயே உக்காந்துக்கறேனே."

வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே அவர் சொன்னார்: "மேலதான் வசதி. யாரும் வர மாட்டாங்க."

அவள் "சரிப்பா" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

முதலில் சாப்பாட்டுக்காவது இறங்கி வந்தாள். அப்புறம் மீட்டிங் என்றாள், அம்மா தட்டை மேலே கொண்டுபோனாள். பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது. "என்னங்க, பிள்ளை திரும்ப இளைச்சுப் போறா. போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாள் மனைவி. அவர் போனார். மூடிய கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மீட்டிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை, அமைதியாக இருந்தது. தட்டத் தூக்கிய கையை இறக்கி, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். நாலு கோடு. திரும்பிவந்து, "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு ஊரில் இருக்கிற ஆபீஸுக்கே போகப் போவதாக ஒரு நாள் மகள் சொன்னாள். அங்கே ஹாஸ்டலில் இடமும் பார்த்துவிட்டாள். கிளம்புகிற காலையில் அவர்தான் பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தார். வண்டி காத்திருந்தது.

"வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம்னு சொன்னியேம்மா."

"பாக்கலாம்ப்பா. நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன்."

"ஏன்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அத்தை வந்துட்டுப் போன மறுநாளே ரூட்டர் வாங்கிட்டு வந்தீங்க. வர்றவங்க போறவங்க கண்ணுல நான் படக் கூடாதுன்னு நினைக்கறீங்கன்னு புரிஞ்சுது. நீங்களும் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்ல. நான் தப்பா எடுத்துக்கல."

உன்னை ஒளித்துவைக்க இல்லை, அந்தப் பேச்செல்லாம் உன் காதில் விழாமல் இருக்கத்தான், நீ எதிரே உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த சந்தோஷம் என்று அத்தனையும் அவருக்குத் தொண்டைவரை வந்தது. கடைசியில் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மேல சிக்னல் நல்லா கிடைச்சுதுல்ல?"

மகள் அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா கிடைச்சுதுப்பா. அதனாலதான் கீழ வந்து உங்க எதிர்ல உக்கார ஒரு சாக்கும் இல்லாம போச்சு."

அவள் வண்டியில் ஏறினாள். அம்மா ஜன்னலோடு கூடவே இரண்டடி நடந்து நின்றுவிட்டாள். லிஃப்ட்காரர் வாசல் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வண்டி தெருமுனை திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகு, "இல்லம்மா... அப்படி இல்லம்மா..." என்று சத்தமாகவே சொல்லி அழுதார்.