வரிசையில் விட்ட இடம்

பனந்தடியில் தடவிய மீன் எண்ணெய் மழைத் தூற்றலில் நனைந்தால் ஒரு நாற்றம் எழும். குமட்டுகிற நாற்றம்தான், ஆனால் எனக்கு அது விடுமுறையின் வாசனை. தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று வானொலி சொன்ன சிறிது நேரத்துக்கெல்லாம், அங்கிருந்து தெற்கே திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊர்க் கரையில் அந்தத் தடிகளை மணலில் குறுக்கே பரப்பி, எண்ணெய் தடவி, வள்ளங்களை ஒவ்வொன்றாக அவற்றின் மேல் இழுத்து ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். கரையோடு நிறுத்தமாட்டார்கள், அலை எட்டாத தூரத்துக்கு, எங்கள் தெருவுக்கே, வீட்டு வாசல்களுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். காலையில் பள்ளிக்குப் போகும்போது வெறுமனே கிடந்த தெரு, திரும்பி வரும்போது வள்ளங்களால் நிறைந்திருக்கும். வீட்டுக்குள் போக இரண்டு வள்ளங்களை ஏறிக் குதிக்க வேண்டும்.

அந்த நாட்களுக்கு எங்கள் வீட்டில் “கூண்டு லீவு” என்று பெயர். பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது கவலை. அப்பாவுக்கு விடுமுறை என்பதுதான் முக்கியம். மற்ற நாட்களில் நான் எழுவதற்கு முன்பே அப்பா கடலுக்குப் போயிருப்பார், நான் பள்ளிவிட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார், அவர் எழும் நேரத்தில் எனக்கு வீட்டுப்பாடம் இருக்கும். கூண்டு ஏறிய நாளில் மட்டும் பகல் முழுவதும் அவர் எங்களுடையவர். வீட்டுக்குள் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு கிழிசல் பார்ப்பார், நான் நூல் பிடித்துக்கொடுப்பேன். அம்மாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே மீன் குழம்பு வைப்பார். புளி எப்போதும் ஒரு பிடி கூடுதலாகத்தான் இருக்கும். எனக்குத் தலைகூட வாரிவிடுவார். வகிடு கோணலாகப் போகும். அதைக் கலைக்காமல் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவேன். வெளியே ஊரே பயந்துகொண்டிருக்கும்போது இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது சரியா என்று இப்போது யோசிக்கிறேன், அப்போது யோசித்ததில்லை.

வள்ளங்களை ஏற்றி முடித்ததும் “வரிசை கட்டு” நடக்கும். எல்லா வள்ளங்களையும் பக்கம் பக்கமாக ஒட்டி நிறுத்தி, முதல் வள்ளத்திலிருந்து கடைசி வள்ளம் வரை ஒரே வடக்கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் கோயில் கல்தூணிலும் வேப்பமரத்திலும் இறுக்கிக் கட்டுவார்கள். தனி வள்ளத்தைக் காற்று புரட்டிப் போட்டுவிடும், கட்டிய வரிசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு வள்ளம் கடலில் நின்றுவிட்டால், அதன் வீட்டு வாசலுக்கு நேராக வரிசையில் அதற்குரிய இடத்தை விட்டு வைப்பார்கள். அது வந்து சேரும்வரை கயிறு ஓடாது. “கடல்ல நிக்கவன் எடத்தக் கரையில நிக்கவன் எடுக்கப்படாது” என்பது ஊர்ப் பெரியவர்களின் வாக்கு.

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் ஒரு கார்த்திகை மாதம், அந்த இடம் எங்கள் வாசலுக்கு நேராக விழுந்தது.

அப்பாவும் என் தாய்மாமனும் விடியும் முன்பே போய்விட்டார்கள். கூண்டுச் செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. மதியத்துக்குள் மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. எங்கள் வள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அம்மாவிடம் வந்து, தாங்கள் எந்தப் பக்கம் நின்றோம், வாடைக்காற்று எப்போது வலுத்தது என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனார்கள். அம்மா மணலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் கறுத்துச் சுருண்டு சுருண்டு வந்தது. தெருவில் எங்கள் வாசலுக்கு நேராக மட்டும் ஒரு வள்ளத்தின் அகலத்துக்கு மண் தெரிந்தது.

ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் அதிகாரி ஒருவர் வந்தார். கயிற்றைக் கட்டிவிட்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்கள் என்றார். பக்கத்து வீட்டுத் தெரசா சித்திதான் முன்னால் போய்ப் பதில் சொன்னாள்.

“ஒரு வள்ளம் வரணும் சார். வந்ததும் வாரோம்.”

“ஒரு வள்ளத்துக்காக அத்தனை வள்ளத்தையும் காத்துல விடுவீங்களா?”

“ஒங்க வீட்டுல ஒரு ஆளு வரலன்னா நீங்க வாசக்கதவப் பூட்டிட்டுப் படுப்பியளா சார்?”

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டாத வள்ளங்கள் காற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு முட்டுக்கும் யாராவது ஒருவர் தன் வள்ளத்தை ஓடிப் போய்த் தடவிப் பார்த்தார். கடைசியில் அம்மாவே திரும்பி வந்து, “கட்டுங்க. ஒங்க பொழப்பும் இருக்குல்லா” என்றாள். அவள் குரல் அப்படி வற்றிப்போய் நான் கேட்டதில்லை. கயிற்றைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கட்டவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அம்மாவே கட்டச் சொல்லிவிட்டாள் என்றால், அப்பா வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. திடீரென்று எங்கள் முதுகுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கமிருந்து, பலசரக்குக்கடை அண்ணாச்சியின் குரல் கேட்டது.

“ஏளா! எல்லாரும் கடலையே பாத்துக்கிட்டு நிக்கியளே, கொஞ்சம் இங்கன திரும்பிப் பாருங்க! கடல்ல போன ஆளு பஸ்ல வாராரு!”

திரும்பினோம். நனைந்த கைலியோடு, கையில் ஒரு பாலித்தீன் பையோடு, திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார். நான் ஓடினேன். அம்மா ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

“என் தம்பி எங்க?”

“வள்ளத்தோட ஆலந்தலையில நிக்கான். நல்லாருக்கான். சூடா கஞ்சி குடிச்சிட்டு நிக்கான்.”

வாடைக்கு எதிரே ஊர் திரும்ப எஞ்சினுக்கு எண்ணெய் போதாது என்று தெரிந்ததும் காற்றின் போக்கிலேயே தெற்கே விட்டு, திருச்செந்தூரைத் தாண்டி ஆலந்தலையில் கரை ஏறியிருக்கிறார்கள். அங்கேயும் தடி பரப்பிக்கொண்டிருந்தவர்கள், யார் என்ன என்று கேட்கும் முன்பே எங்கள் வள்ளத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள். அப்பா அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். காலையிலேயே கம்பி அறுந்து கிடந்ததால் மணி அடிக்கவே இல்லை. “நீ கரையை விட்டு நகரமாட்டேன்னு தெரியும். அதான் அவன வள்ளத்துக்குக் காவல் வச்சிட்டு வந்தேன்” என்றார்.

தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“ஏலே, இன்னுமா கட்டல? இது யாருக்கு எடம்?”

“ஒமக்குத்தாம்வே!” என்றார் கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர்.

தெரசா சித்தி விடவில்லை. “வள்ளத்த ஆலந்தலைக்குத் தாரவாத்துட்டு வந்துட்டிய. எடத்த வீணாக்கண்டாம், நீங்களே அதுல படுத்துக்கிடுங்க அண்ணே, சேத்துக் கட்டிருதோம்!”

அந்தக் காற்றிலும் தெரு முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வள்ளத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். இடைவெளி மூடியது. கயிறு ஓடியது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரண்டாம் வகுப்பறை கிடைத்தது. பாலித்தீன் பையில் எனக்காகத் திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் வாங்கிய சில்லுக்கருப்பட்டி இருந்தது. புயல் வரும் நேரத்திலும் அதை வாங்க நின்றிருக்கிறார். அம்மா தட்டில் சோறு வைத்துக் கொடுக்கும்போதுதான் சொன்னாள்: “அடுத்த தடவ பஸ்ல வாரதா இருந்தா சொல்லிட்டுப் போங்க. நான் ரோட்டப் பாத்து நிக்கேன்.” சொல்லிவிட்டுத் தட்டைப் பிடித்தபடியே அழுதாள். அப்பா தட்டையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

புயல் வடக்கே திரும்பிப் போனது. எங்களுக்குப் பெருமழை பெய்தது, இரண்டு கூரைகள்தான் சேதம். ஆலந்தலையிலிருந்து மாமன் வள்ளத்தை ஓட்டிக்கொண்டு வந்தபோது, அவர்கள் ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய கருவாடு அதில் இருந்தது.

இன்று அந்தத் தெருவில் வள்ளம் ஏறாது. கரையில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதியில் கல்லைக் கொட்டித் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். பைபர் படகுகளை டிராக்டர் இழுத்து அதற்கென்று போட்ட தளத்தில் நிறுத்துகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று போனிலேயே தெரிந்துவிடுவதால் யாருக்கும் இடம் விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லதுதான். அந்த வசதி அன்று இருந்திருந்தால் அம்மா அப்படி நின்றிருக்க வேண்டாம். அப்பா போய்ச் சில ஆண்டுகளாகின்றன. கடலில் அல்ல, ஆஸ்பத்திரியில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது.

நான் தூத்துக்குடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கூண்டு ஏறினால் அவருக்கு விடுப்பு கிடையாது. கப்பல்களை வெளியே அனுப்பி, கிரேன்களைப் பூட்டி, எல்லாம் அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். “எனக்கு மழை லீவு விட்டாச்சே, அப்பாவுக்கு ஏன்மா விடல?” என்று என் மகள் கேட்கிறாள். அவளிடம் எவ்வளவு சொல்லலாம், சொன்னால் பயப்படுவாளா, சொல்லாவிட்டால் இன்னும் பயப்படுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. மெழுகுவர்த்தி, மருந்து, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் எண்ணிப் பார்க்கிறேன். அவளுடைய புயல்களில் அப்பா வீட்டைவிட்டுப் போகிறார். புயல் என்றாலே அவளுக்குப் பிடிக்காது.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று செய்தி வரும்போது, பயம் என்னை வந்து பிடிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு கணம், அப்பா இன்றைக்கு வீட்டில் இருப்பார் என்று மனம் துள்ளிவிடுகிறது. பிறகுதான் நினைவு வருகிறது. எழுந்து போய் ஜன்னல் கொக்கிகளை மாட்டுகிறேன்.