அறுபத்திரண்டரை மாதம்

காலடிப்பேட்டையில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பதினொரு படி, ஆறு ஜன்னல். கிழக்கே பார்த்த இரண்டில் கடல் காற்று வரும். மற்ற நான்கில் கம்பெனிப் புகை. இப்போது மகள் வீட்டில் இருக்கிறோம். இங்கே மூன்று ஜன்னல்கள், மூன்றும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கின்றன.

துறைமுகத்தில் ஓர் ஏஜென்ட்டிடம் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பது வேலை. பென்ஷன் கிடையாது. வேலையை விட்டபோது வந்த ஐந்து லட்சத்தை அந்த வீட்டுக்கு லீசாகக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம்; காலி செய்யும்போது அதே பணம் அப்படியே திரும்பி வரும்.

ஏழு வருடம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கவலையில்லாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் என் மனைவி பெண்களுக்கான மார்க்கப் பயான் கேட்கப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“ஏங்க, நம்ம குடுத்த அஞ்சு லட்சம் கடன்தானே?”

“திரும்பி வரும். அப்போ கடன்தான்.”

“கடனைக் குடுத்துட்டு அதுக்காக ஓசில வூட்ல குந்திகினு கீறோமே, அது வட்டி இல்லாம இன்னா?”

“ஊரே இப்படித்தான் கீது.”

“ஊரு பேங்க்ல வட்டி கூடத்தான் வாங்குது. நீங்க வாங்குறீங்களா?”

வாங்கியதில்லை. கணக்கில் விழும் வட்டியைப் பைசா வரை எண்ணி, பொதுக் கழிப்பறை கட்ட நன்மை எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுகிறவன் நான்.

மறுநாளிலிருந்து அவள் அந்த வீட்டில் தொழவில்லை. ஐந்து வேளையும் அடுத்த தெருவில் இருந்த தங்கை வீட்டுக்கு நடந்தாள். முந்நூற்று நாற்பது எட்டு. போக வர, ஐந்து வேளைக்கு மூவாயிரத்து நானூறு, மூட்டு வலியோடு. நான்காம் நாள் தாங்காமல் ராயபுரம் பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டேன்.

“தொழுகை கூடும், தப்பில்ல. வீட்டுலயே தொழச் சொல்லுங்க. ஆனா அவங்க கேட்ட கேள்வி சரிதான்” என்றார். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதைக் கொடுக்க வேண்டும். பேருக்கு நூறு, இருநூறு கொடுத்தால் ஆகாது.

“போன ஏழு வருஷத்துக்கு?” என்று துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினேன். எண்பத்துநாலு மாதம், சராசரி ஆறாயிரம். ஐந்து லட்சத்து நாலாயிரம். நான் கொடுத்ததைவிட நாலாயிரம் கூடுதல்.

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். “தெரியாம செஞ்சது. மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்ங்க. வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தா அதோட முடிஞ்சுது.”

வீட்டுக்காரர் தெற்கத்திக் கிறிஸ்தவர், மளிகை மொத்த வியாபாரம். மாதம் எட்டாயிரம் வாடகை தருகிறேன் என்றதும் கல்லாவை மூடினார்.

“சும்மா இருங்கன்னு சொன்ன வீட்டுக்கு வாடகை தாரேங்கீக. பொறவு ரசீது கேப்பீக. அதை வச்சு, நான் வாடகைக்காரன், எந்திரிக்க மாட்டேன்னு கோர்ட்டுல நிப்பீக. எத்தனை பேரைப் பாத்திருக்கேன், பாய்!”

“ரசீதே வேணாம்.”

“அப்ப அதுல வேற என்னமோ இருக்கு.”

மறுநாள் அவளையும் அழைத்துப் போனேன். “அண்ணாச்சி, எங்க மார்க்கத்துல இது ஆவாது. எனக்கு வூடு வேணும், வட்டி வேணாம். வேற ஒண்ணும் இல்ல” என்றாள்.

அவர் கல்லாவிலிருந்து கையை எடுத்தார். “துட்டைத் திருப்பிக் கேக்க வந்திருக்கீகளோன்னு பயந்துட்டேன்க்கா. அது பூராவும் சரக்குல கெடக்கு. ஒண்ணு செய்வோம். நீங்க கையில தர வேண்டாம். மாசம் எட்டாயிரத்தை அந்த அஞ்சு லட்சத்துல கழிச்சுக்கிடுவோம். போன வருசம் எல்லாம் போனதா போட்டும்.”

“சரி அண்ணாச்சி” என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. அதற்குள் நான் வகுத்துவிட்டேன்: அறுபத்திரண்டரை மாதம்.

“மொத்தமும் கரைஞ்சிடும். அப்புறம்?” என்றேன் தெருவில்.

“அப்புறம் பொண்ணு வூடு கீது. வாங்க, அஸர் தொழுகைக்கு நேரமாவுது.”

அன்று முன்னறையில் தொழுவதற்கு முசல்லா விரித்தாள். ஏழு வருடமாகச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதவள், அந்த மாதம் ஐந்து அடித்தாள். இரண்டு தொட்டியில் மருதாணி வைத்தாள். சும்மா இருந்த வரைக்கும் ‘அவங்க வூடு’ என்றவள், வாடகை கழியத் தொடங்கியதும் ‘நம்ம வூடு’ என்றாள். முதல் தேதிதோறும் நான் எட்டாயிரத்தைக் கழித்துவிட்டு முனகுவேன். அவள் கிழக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், காற்றில் தோல் அறை முழுதும் பறக்கும். அந்தத் தோலைப் பெருக்கியது நான்தான். இப்போது அதற்கும் ஏங்குகிறேன்.

ஐந்து லட்சமும் தீர்ந்தது ஒரு பதினைந்தாம் தேதி. மேற்கொண்டு வாடகை கொடுக்க வழியில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியோடு கடைக்குப் போனோம்.

“மாச நடுவுல யாரு பாய் காலி பண்ணுவாக? கடைசி வரைக்கும் சும்மா இருங்க.”

கடன்தான் தீர்ந்துவிட்டதே; இனி அவர் இனாமாகக் கொடுத்தால் கூடும். ஹஜ்ரத்தைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“சும்மா இருக்கக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி இவ்ளோ தூரம் வந்தோம்” என்று அவள் சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டாள்.

முழுதாகப் பதினைந்து நாள் இருந்திருக்கலாம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.