விலாக்கறியும் ஒரு குடம் தண்ணீரும்

ஓட்டல் முதலாளி ஒருவர் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வருகிறார் என்றபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒகேனக்கல் சாலையில் அவர் புதிதாக விடுதி திறக்கிறார், சமையல்காரர் வேண்டும். என் வீட்டுக்காரர் பாங்காக்கில் நான்கு வருடம் ஓட்டல் அடுப்பில் நின்றவர். தாய்லாந்து முறையில் பன்றி விலாவைச் சமைத்துக் காட்டினால், பிடித்திருந்தால் வேலை. பிடிக்காவிட்டால் மஸ்கட். அங்கே இரண்டு வருட ஒப்பந்தம் இவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. போனிலேயே குடித்தனம் நடத்தி எனக்கு அலுத்துவிட்டது. இவரை எப்படியாவது இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

சனிக்கிழமை பன்றிப் பண்ணைக்குப் போய் இரண்டு கிலோ விலா வாங்கி வந்தார். பூண்டு, மிளகோடு கொத்தமல்லி வேரையும் சேர்த்து இடித்தார். தழையை எடுத்துக்கொண்டு வேரை எறிகிற ஊரில், வேரை எடுத்துக்கொண்டு தழையை என் பக்கம் தள்ளிய மனுஷன் இவர் ஒருவர்தான். பனைவெல்லம், பாங்காக்கிலிருந்து கொண்டுவந்த மீன் சாஸ், எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் புளி.

எங்கள் வீட்டில் பன்றிக்கறிக்குப் பின்கட்டு வாசல்தான். தனிச் சட்டி, தனிக் கரண்டி, மூன்று கல் அடுப்பு. அந்தப் பாத்திரம் சமையலறைக்குள் வரக் கூடாது. மாமியார் போட்ட சட்டமில்லை, நானே போட்டது. பிரிட்ஜுக்கு மட்டும் விலக்கு, அதுவும் மூன்று கவர் போட்டுக் கட்டினால்.

ஞாயிறு காலை வாசல் தெளிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த அக்காவின் எட்டு வயது மகளுக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து தாளிப்பு வாசனைகூடப் போகக் கூடாது, அம்மன் கோபித்துக்கொள்வாள், காய்ச்சல் ஏறும் என்பார்கள். நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுடு புள்ள," என்றார் இவர்.

"அம்மா வந்திருக்கிற வாசல்ல போயி பன்னிக்கறி ஆக்கட்டுமான்னு கேக்கச் சொல்றீங்களா? கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. தாளிக்கத்தானே கூடாது? நாம சுடத்தானே போறோம். மூட்டுங்க அடுப்ப."

அந்தச் சாக்கைக் கண்டுபிடித்தவள் நான்தான். ஒரு மணிக்கு முதலாளி வருவார், பதினொன்றுக்குத் தணல் தயார்.

கொழுப்பு தணலில் சொட்டச் சொட்டப் புகை எழுந்தது. பனைவெல்லம் கருகும் வாசனையும் மீன் சாஸின் வீச்சமும் கலந்து, காற்று நேராக இடுப்பளவுச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. உள்ளே குழந்தை இருமியது. அக்கா கையில் வேப்பங்கொத்தோடு சுவரோரம் வந்து எங்களைப் பார்த்தார். நான் இடுக்கியைப் பார்த்தேன். அக்கா உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தினார். சாத்த வராத ஒன்றில் பழைய புடவையைத் திணித்தார். அதற்கு அப்புறமும் குழந்தை இருமிக்கொண்டேதான் இருந்தது. "எரியுதும்மா, எரியுதும்மா" என்று அழத் தொடங்கியது.

திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன். திட்டவில்லையே. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்துவிட்டேன்.

இவர் இடுக்கியோடு நின்றார். "இன்னும் முக்கா மணி நேரந்தான் இருக்குது. பாதிதான் வெந்திருக்குது. இப்ப என்னா பண்ண?"

நானே விலாக்களைச் சட்டியில் அள்ளிப்போட்டுத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்குள் நுழைந்தேன். கதவு, ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, சோறு வடிக்கிற என் குக்கரில் அந்த விலாக்களை அடுக்கிப் புளித்தண்ணீர் ஊற்றி மூடினேன். ஐந்து விசில். ஒவ்வொரு விசிலுக்கும் பக்கத்து வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி நேரத்துக்கு வந்தார். மூன்று துண்டு சாப்பிட்டார். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது.

"ருசி இருக்குதுங்க. ஆனா சுட்ட வாசன வரலியே. வர்றவங்க அதத்தானே கேப்பாங்க."

"பக்கத்து வூட்டுக் கொழந்தைக்கு அம்மைங்க. அதான் பாதியில அணைச்சிட்டோம். இன்னொரு நாள் வந்தீங்கன்னா..." என்றார் இவர்.

"திறப்பு விழா நெருங்கிடுச்சுங்க. சேலத்துல ஒருத்தர் நாளைக்கே சுட்டுக் காட்டறன்னு சொல்லியிருக்காரு. பாத்துட்டுச் சொல்றன்."

இரண்டு நாள் கழித்துச் சொன்னார். சேலத்துக்காரருக்குத்தான் வேலை என்று. இவர் அன்று மாலையே மஸ்கட் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு அம்மை இறங்கி, மூன்றாவது தலைத்தண்ணீரும் ஊற்றிய அன்று அக்கா ஒரு சொம்புக் கூழோடு வாசலுக்கு வந்தார். உள்ளே பெட்டி கிடந்ததைப் பார்த்துவிட்டு விசாரித்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கண்ணு, எங்க காட்டுக் கொட்டாயி சும்மாதானே பூட்டிக் கெடக்குது. அடுப்பு, வெறகு, தண்ணி எல்லாம் இருக்குது. வூட்டுக்குள்ள வரலன்னாலும் செவுத்தோரமா நின்னு ஒரு கொரல் குடுத்திருந்தீன்னா சாவியத் தூக்கிப் போட்டிருப்பனே. அவரு அங்கியே வந்து சாப்புட்டிருப்பாரு."

பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்த இவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார்.

"கொழந்த இப்ப நல்லா சாப்புடுதுங்களாக்கா?"

"சாப்புடுதுங்க தம்பி."

அக்கா போனதும் இவர் பாதிக் கூழைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். அன்றைக்குக் கேட்கச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்கு என்ன பதில் பேசுவது என்றும் யோசித்து வைத்திருந்தேன். மறுநாள் காலை பெங்களூரு பஸ் ஏறுகிறவரை அவர் சொல்லவேயில்லை.