பிராண்டேயில் ஒரு கிரேக்கர்

"பொறுங்கோ அண்ணை. அவன் வீரன் எண்டு சொன்னியள். வீரம் எண்டா என்ன?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது வாய்தவறி ஒரு பெரிய சொல்லை விட்டுவிட்டால் தொலைந்தார்கள். குருசுமுத்து கறுத்தப் பாணில் சம்பலைப் பூசியபடியே தொடங்குவார். ஆள் ஒரு பதில் சொல்வார். அதில் ஓட்டை இருப்பதை இவர் காட்டுவார். இன்னொரு பதில், இன்னொரு ஓட்டை. கடைசியில் தனக்கும் விடை தெரியாது என்று சிரிப்பார். அதற்குள் இடைவேளை முடிந்துவிடும். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரின் பின்னல் ஆலையில் வேலை செய்கிற தமிழர்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கிரேக்கர்.

மன்னார்க்காரர். பாதிரியாராகப் படிக்கப் போய், இரண்டு வருடத்தில் குருமடத்தை விட்டு ஓடிவந்து மேரிசெலினைக் கட்டியவர். செபங்கள் பாதி மறந்துபோயின. அங்கே படித்த பழைய கிரேக்கர்களின் தத்துவம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆன்மாவுக்கு மூன்று பகுதி: அறிவு, ரோசம், ஆசை. இதை அவர் நாள்தோறும் பயன்படுத்துகிறார் என்பதுதான் வேடிக்கை. வேலை வாங்குகிற போர்மன் கத்தினால் அரை நிமிடம் வாய் திறக்க மாட்டார். "முதல்ல ரோசம்தான் ஓடி வரும். அறிவு கொஞ்சம் நொண்டி. அது வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்பார். போர்மன் அந்த மௌனத்துக்குப் பயந்து இப்போதெல்லாம் இவரிடம் கத்துவதில்லை.

1987இல் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பப் பத்திரம் நிரப்பியபோதுதான் தத்துவம் அவர் கழுத்தைப் பிடித்தது. மகன் சுஜிந்தனுக்கு ஒன்பது வயது. அஜந்தினிக்குப் பதின்மூன்று, அவள் இறந்துபோன அண்ணனின் மகள். தாயும் இல்லை. இரண்டு வயதிலிருந்து இவர் தோளில் வளர்ந்தவள், இவரைத்தான் அப்பா என்கிறாள். எங்கள் முறைப்படி அண்ணன் மகளும் மகள்தான். அதிலே யாருக்கும் சந்தேகம் கிடையாது. டென்மார்க்கின் பத்திரமோ பெற்ற பிள்ளையைத்தான் கேட்டது.

"மகள் எண்டு எழுதும். ஆர் வந்து பாக்கப்போறான்?" என்றார் எங்கள் இருவரோடும் அதே அறையில் இருந்த இரத்தினசிங்கம்.

"மகள்தான் அண்ணை. ஆனா அவங்கள் கேக்கிறது அதை இல்லை எண்டு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுகொண்டு எழுதினா என்ர ஆத்துமா கோணிப்போகும். கோணினது பிறகு நிமிராது."

மூன்று நாள் யோசித்து, 'அண்ணன் மகள், நான் வளர்க்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. 1989இல்தான் விஷயம் வெடித்தது. இலங்கைத் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை அரசாங்க மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். உண்மை எழுதியவன், பொய் எழுதியவன் எல்லோருடையதும் ஒரே குவியலில். ஆலையே கொதித்தது. "அநியாயம் செய்தவையின்ர ஆத்துமாவுக்குத்தான் கூட நட்டம். அது அவைக்கு இன்னும் விளங்கேல்லை" என்று குருசுமுத்து சொன்னபோது இரண்டு பேர் அவரை அடிக்கவே வந்தார்கள்.

பிறகு கடிதம் வந்தது. மேரிசெலினுக்கும் சுஜிந்தனுக்கும் அனுமதி. அஜந்தினிக்கு இல்லை, அவளுக்குத் தனி விண்ணப்பம் வேண்டும், கிடைக்குமென்று உறுதியும் இல்லை. மன்னாரில் பேசாலையிலிருந்து மேரிசெலின் ஒரே வரியில் எழுதினாள்: 'பிள்ளையை விட்டிட்டு நான் வரமாட்டன்.'

இரத்தினசிங்கம் வெடித்தார். "உம்மட ஆத்துமா நேரா இருக்கு. பிள்ளை சண்டைக்குள்ள, செல்லடிக்குள்ள இருக்கு. சந்தோசமே?"

குருசுமுத்து கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "என்ர சுத்தத்துக்கு அவளையல்லோ விலை குடுத்திட்டன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. தன்னையே அவர் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டு, வெளிநாட்டவரின் விண்ணப்பங்களை வாங்குகிற பொலிஸ் நிலையத்துக்குப் போனார். துணைக்குப் போன இரத்தினசிங்கம், "இப்பவாவது மாத்தி எழுதும்" என்று வழியெல்லாம் கெஞ்சினார். புதிய பத்திரத்தில் குருசுமுத்து மறுபடியும் 'அண்ணன் மகள்' என்றே எழுதினார். வளர்த்த கதையை இரண்டு தாள்களில் நடுங்குகிற டேனிஷில் எழுதி இணைத்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதைச் சுட்டிக்காட்டினாள்.

"உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?"

குருசுமுத்து குனிந்து, பேனாவை அழுத்தி, 'ஒன்று' என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவருடைய இடக்கை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களை உயர்த்திப் பிடித்திருந்தது.