பச்சை மைக்காவும் தலைகீழ்ப் பல்லும்

பலகை அறுக்கும் ஜிக்சா மெஷினில் மாட்டும் பிளேடுக்குப் பல் வழக்கமாக மேல்நோக்கி இருக்கும். மேலே ஏறும்போதுதான் அது அறுக்கும். அதனால் பலகையின் மேல்முகம் சிராய் பெயரும், அடிமுகம் சுத்தமாக வரும். வெறும் மரமென்றால் இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மைக்கா ஒட்டிய பலகையில் பெயர்ந்தது பெயர்ந்ததுதான். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அக்கா வீட்டு அடுப்படியில்.

அக்காவைத் திருவையாற்றுக்குப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தது. அத்தான் ஷார்ஜாவில் வீடுகளுக்கு உள்வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் தச்சர். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அவர் அனுப்பும் புகைப்படங்களில் அவர் இருப்பது குறைவு, அவர் செய்த அடுப்படிகள்தான் அதிகம். யாருடையதென்று தெரியாத அந்த அடுப்படிகளை அக்கா ஆல்பத்தில் கல்யாணப் படங்களுக்கு அடுத்து ஒட்டி வைத்திருந்தாள்.

சொந்த வீடு கட்டியபோது எல்லோரும் அடுப்பு மேடைக்குக் கடப்பாக் கல் போடச் சொன்னார்கள். தண்ணீர் புழங்கும் இடம், கல்தான் நிற்கும் என்பது அவர்கள் வாதம். தப்பில்லாத வாதம். அக்கா கேட்கவில்லை.

“ஊரு உலகத்துக்கெல்லாம் போட்டுக் குடுக்குறாரு. எனக்குன்னு அவரு கையால செஞ்சது ஒரு ஸ்டூலுகூட இல்ல. எனக்கு அந்த மாதிரி அடுப்படிதான் வேணும்” என்றாள்.

அந்த லீவுக்கு அத்தான் மைக்கா ஷீட் ஒன்றைப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்தார். போனில் அக்கா சொன்ன நிறம், இளம்பச்சை. மேடைக்குத் தேவையான அகலத்துக்கு அங்கேயே வெட்டியிருந்தார், மிச்சம் கிடையாது. விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் கார்ப்பெட்டா என்று கேட்டாராம். “இல்ல சார், அடுப்படி” என்றாராம் இவர். மெஷினும் வந்து சேர்ந்தது. பிளேடுகள் வரவில்லை. பெட்டியில் எடை கூடுகிறதென்று கைப்பையில் போட்டிருக்கிறார். ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“பால் பவுடருக்கு எடம் இருந்துச்சு, பிளேடுக்கு இல்ல” என்றாள் அக்கா.

“பால் பவுடரு உங்க அம்மா கேட்டது.”

“எங்க அம்மாவா அடுப்படி கட்டப் போறாங்க?”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் பிறகு பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிப்பதாகப் பேச்சு. அந்த மேடையில் பால் காய்ச்ச வேண்டும். அதற்கு மறுநாள் அத்தானுக்கு விமானம். முந்திய வாரம், பலகையில் மைக்காவை ஒட்டி, அது எழும்பாமலிருக்க மேலே குறுவை நெல் மூட்டைகளை ஏற்றி வைத்துவிட்டு, அத்தான் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே பத்திரிகை ஆபீஸில் எனக்கு வேலை. கடைகள் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு. எனக்குத் தெரிந்தவை காகிதக் கடைகள்.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக இறங்கத் தொடங்கிய காலம். முன்பு ஆணியும் தாழ்ப்பாளும் மட்டும் விற்ற கடைகளில் மஞ்சள், நீல மெஷின்கள் தொங்கின. மெஷின் இருந்த கடைகளில் பிளேடு இல்லை. பிளேடு இருந்த கடைகளில் அதன் தலை வேறு விதம். அத்தானின் மெஷினுக்கு இரண்டு பக்கமும் காது வைத்த தலை வேண்டும், அங்கே கிடைத்ததெல்லாம் கவட்டை போலப் பிளந்த தலை. காது வைத்தது கிடைத்த ஒரு கடையிலும் பல் பெரிதாக இருந்தது. அத்தான் கட்டைவிரல் நகத்தில் அதை வைத்துப் பார்த்தார்.

“இது வேம்பு அறுக்குறதுங்க. மைக்காவுல வச்சா கடிச்சுத் துப்பிரும். பல்லு பொடிசா, நெருக்கமா இருக்கணும்.”

கடைக்காரர் மேசையின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த பாக்கெட் ஒன்றை எடுத்தார். “பொடிப் பல்லு இது ஒண்ணுதான் இருக்கு. ஆனா டிபெக்ட் பீஸு. வாங்குன ஆளு மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு. பல்லு தலைகீழா இருக்குன்னு ஒரே சண்டை.”

அத்தான் பிளேடை வெளிச்சத்தில் பிடித்தார். பல் கீழ்நோக்கி இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “டிபெக்ட் இல்லீங்க. இதுக்குன்னே செய்யிறதுதான் இது. எங்க கம்பெனியில வாங்கித் தர மாட்டானுங்க, வெல சாஸ்தின்னு.”

“அப்ப நான் வெல சொல்லிக்கலாமா?” என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் அத்தான் எனக்கு விளக்கினார். இந்தப் பிளேடு கீழே இறங்கும்போது அறுக்கும். அழகு முகத்தை மேலே வைத்தே அறுக்கலாம். மெஷின் மட்டும் துள்ளும், அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இந்தச் சேதி அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது “பிளேடு கெடைச்சிருச்சு” என்பது மட்டும்தான்.

அக்காவுக்கும் இந்த வேலை தெரியும். இரண்டு வருஷமாகப் போனில் அவர்கள் பேசியதில் பாதி இதுதான். “மைக்கா மொகம் எப்பவும் கீழ பாக்கணும்” என்று அவர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். மறுநாள் காலையில் நாங்கள் எழுவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவிக்கு அழைத்து, மூட்டைகளை இறக்கி, பெஞ்சுகளின் மேல் பழைய போர்வை விரித்து, பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டி வரும் இடத்தைப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தும் இருந்தாள். கோடு துல்லியம். அத்தான் அளவு பிடித்துப் பார்த்துவிட்டு, “நம்ம சூப்பர்வைசரு தோத்தான்” என்றார். ஷார்ஜாவில் பலகை அவர் முன்னால் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். அவர் கண்ணுக்கு அதில் ஒன்றும் மாறாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

புதுப் பிளேடை மாட்டினார். வயல்களில் பம்புசெட் ஓடும் நேரம், மின்சாரம் இளைத்திருந்தது, மெஷின் முனகலாக ஓடியது. அறுபட்ட துண்டு சட்டென்று விழுந்தால் ஓரத்தைப் பிய்த்துவிடும் என்பதால் அதைத் தாங்கிப் பிடிக்க அக்கா பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கோட்டைத் தொட்டு, முன்னோரத்துக்கு இணையாக ஒரு சாண் போயிருப்பார்.

“என்னங்க, நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா! பச்சை பச்சையா விழுது!”

மெஷின் நின்றது. அக்கா வெளியே வந்தாள். தலைமுடியிலும் முந்தானையிலும் பச்சைத் துணுக்குகள். அத்தான் பிளேடைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். பல்லும் கீழே, முகமும் கீழே. இரண்டில் எது ஒன்று மாறியிருந்தாலும் ஓரம் கண்ணாடி மாதிரி வந்திருக்கும்.

“நான்தான் கவுத்து வச்சேன்” என்றாள் அக்கா.

“நான்தான் பிளேட மாத்துனேன். உங்கிட்ட சொல்லல.”

“நான் கேட்டிருக்கணும்.”

“பாத்துட்டுத்தானே மெஷினப் போட்டேன்? என் கண்ணு எங்க போச்சு?”

இப்படித் தப்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர் போடப் போனேன்.

பலகையைத் திருப்பிப் பார்த்தோம். பொருக்கு உதிர்ந்த மாதிரி ஓரம் சிதைந்திருந்தது. தொட்டியின் விளிம்பை மேலே வைத்துப் பார்த்ததில் பெரும்பகுதி அதற்குள் மறைந்தது. விரல் நீளத்துக்கு ஓரிடம் மட்டும் வெளியே தெரிந்தது, அதுவும் முன்பக்கம், நிற்பவர் கண்ணுக்கு நேராக. அத்தான் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், “கடப்பாவே போட்டுருவோம். ஒரே நாளுல வேலை முடிஞ்சிரும்” என்றார்.

“போடுங்க. போட்டுட்டு அந்தக் கல்லுலயே நீங்களே ஆக்கிச் சாப்பிடுங்க.”

“அசிங்கமா இருக்கேடி.”

“ஷார்ஜாக்காரிக்குத்தான் அசிங்கம். எனக்கு என்ன? மிச்சத்த அறுங்க. மொகம் இப்ப மேல இருக்கு. நான் பாத்துட்டேன்.”

அத்தான் கோட்டை முகத்துக்கு மாற்றினார். மேலே காகித டேப் ஒட்டி, மெஷினை இரண்டு கையாலும் அழுத்தி, மெதுவாக அறுத்தார். டேப்பை உரித்தபோது மீதி ஓரம் முழுவதும் சொன்னபடி வந்திருந்தது. அக்கா அந்த ஓரத்தில் விரலை ஓட்டினாள். சிதைந்த இடத்தில் மெழுகு பூசிப் பச்சை தடவித் தருவதாக அத்தான் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டினாள். தண்ணீர் இறங்காமல் வார்னிஷ் மட்டும் தடவச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தீர்த்தம் தெளித்தார். பால் பொங்கியது. விருந்துக்கு வந்திருந்த சின்னம்மா ஒருவர் மேடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவர், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

“புது வீட்டுல அதுக்குள்ளயா? எலி கடிச்சிருக்கே!”

“எலி இல்ல சின்னம்மா” என்றாள் அக்கா, பாலை டம்ளர்களில் ஊற்றியபடி. “நானும் அவரும்தான்.”