திகதி போடாத கடிதங்கள்

எங்கள் தொழிற்சாலையில் பச்சைத் தொப்பி போட்டவர்கள் கம்பனி ஆட்கள். மஞ்சள் தொப்பி போட்டவர்கள் ஏஜென்சி ஆட்கள். இரண்டு தொப்பிகளும் ஒரே மேசையில் நின்று ஒரே பிஸ்கட்டை ஒரே பெட்டியில்தான் அடுக்கின. பச்சைத் தொப்பிக்குக் காய்ச்சல் வந்தால் அதற்குப் பெயர் லீவு. மஞ்சள் தொப்பிக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொரு மஞ்சள் தொப்பி நிற்கும். நான் நாலு வருசம் மஞ்சள் தொப்பி.

தொழிற்சாலைக்குக் கண்டியிலிருந்து திகன பஸ்ஸில் போய், பாதி வழியில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். என் கணவர் ஒரு கட்டட வேலையில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்ட பிறகு வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கு இது சாட்டு அல்ல, ஆனால் என் பயம் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் எங்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்போம் என்று ஏஜென்சிக்குக் கிலி. அதனால் ஐந்து மாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் “என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு புது இலக்கம் போட்ட புது கார்ட் கிடைக்கும். இதற்குக் ‘கார்ட் மாத்துறது’ என்று பெயர். நாங்களும் அதை ஒரு விடுமுறை மாதிரியே எடுத்துக்கொண்டோம். அந்த வாரத்தில்தான் கதிர்காமம் போனோம், சொத்தைப் பல்லைப் பிடுங்கினோம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.

கடிதம் சிங்களத்தில் இருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், சிங்களம் பேசுவார்கள், எழுத வராது. நான் கட்டுகஸ்தோட்டையில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். என் எழுத்து அச்சுப் போல இருக்கும் என்று ஏஜென்சி சுப்பவைசரே சொல்வார். சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மேசையில் கதிரை போட்டு என்னை உட்கார வைப்பார். பால் தேத்தண்ணி வரும். நான் எழுதுவேன், மற்றவர்கள் வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் ஐந்து மாதம் முடியும். வாரத்தில் இரண்டு நாள் என் சாப்பாட்டு நேரம் இதிலேயே போனது. ஒருநாள் அலுத்துப்போய் நானே சொன்னேன்: “சேர், எல்லாருக்கும் ஒரே தடவையில எழுதிடுறேன். திகதிய மட்டும் விட்டுருவோம். அவங்கவங்க நாள் வந்தா நீங்க போட்டுக்கங்க.”

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கே தோன்றவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த கையோடு எல்லோருக்கும் எழுதினேன், அவர்களும் வந்து கையொப்பம் வைத்தார்கள். கடைசியாக எனக்கும் ஒன்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

என் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் திகனப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். என்னை விடப் பன்னிரண்டு வயது இளையவள். ஓயாத வாய். நான்கு வருசமும் அவளோடுதான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். அவள் கர்ப்பமாகி ஏழு மாதம் ஆனபோது மஞ்சள் சட்டைக்கு மேலேயே வயிறு தெரிந்தது. பிரசவ லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை வாசலில் காவலாளி அவளை நிறுத்திவிட்டான். போன கிழமையே அவள் சொந்த விருப்பத்தில் விலகிவிட்டாளாம். கடிதம் இருக்கிறதாம்.

மாலையில் பஸ் தரிப்பிடத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.

“அக்கா, நான் விலகலையே. காட்டுறாங்களே, அது நீங்க எழுதுனது. அதுல திகதி இல்லாம இருந்துச்சே, ஒங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும். தெரியாமல் என்ன? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. “லேபர் ஒபிஸுக்குப் போ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அவள் உண்மையிலேயே போனாள். கண்டியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கடிதத்தை எழுதியவள் என்று என்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சுப்பவைசர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் பொலித்தீன் உறை பிரிக்காத ஒரு பச்சைத் தொப்பி இருந்தது. தங்கச்சி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார்.

“நங்கி, அடுத்த மாசம் கம்பனி நாலு பேரை எடுக்குது. ஒன் பேரைக் குடுத்திருக்கேன். நாளைக்கு ஒன்னு சொன்னா போதும். ‘அவ வந்து கேட்டா, நான் எழுதிக் குடுத்தேன்’னு. அது பொய்யா?”

முழுப் பொய் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. தொப்பியை எடுத்து என் பையில் அவரே வைத்தார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் யாருக்கும் காட்டவுமில்லை.

விசாரணை அறை சின்னது. ஒரு பக்கம் அவள், வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. மறுபக்கம் சுப்பவைசர். நான் நடுவில் இருந்த கதிரையில், மடியில் பை. விசாரித்த அதிகாரி யாழ்ப்பாணத்து அம்மா. சுப்பவைசரோடு சிங்களத்திலும் எங்களோடு தமிழிலும் பேசினார். ஒருவர் முகத்தையும் அதிக நேரம் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார்.

சுப்பவைசர் ஒரு ஃபைலையே கொண்டுவந்திருந்தார். எங்கள் இடத்தில் எல்லோரும் இப்படித்தான் கடிதம் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று நிரூபிக்கிறாராம். அதிகாரி கடிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். மேசை முழுக்க என் எழுத்து. அச்சுப் போல, அழகாக. கடைசியில் ஒரு தாளை எடுத்தவர் என்னை முதல் முறையாக நேரே பார்த்தார்.

“இது உங்கட பேரெல்லோ? நீங்கள் இன்னும் வேலையில இருக்கிறியள்தானே?”

திகதி இடத்தில் வெற்றாக இருந்தது என் கடிதம். சுப்பவைசர் அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று அதிகாரி எழுதுவினைஞரிடம் எல்லாவற்றையும் கொடுத்தார். பிறகு என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “அதே வசனத்தை இதில எழுதுங்கோ, எழுத்தை ஒத்துப் பாக்கோணும். மேல ‘விசாரணைக்காக எழுதினது’ எண்டு போட்டிட்டு எழுதுங்கோ. பிறகு ஒருத்தரும் இதையும் விலகல் கடிதமெண்டு தூக்கிக்கொண்டு போகேலாது.”

பேனாவை எடுத்துக் குனிந்தேன். மடியில் பொலித்தீன் சரசரத்தது. சுப்பவைசருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். பிள்ளைகளின் முகம் வந்தது. அவர்களுக்குக் கடன் சொல்லி வாங்கிய பள்ளிக்கூடச் சப்பாத்து நினைவுக்கு வந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் அந்தத் தொப்பியோடு தப்பி வந்திருப்பேன். அவள் அழவில்லை. தினமும் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுகிற முகத்தோடுதான் இருந்தாள்.

“எல்லாம் நான் எழுதுனது, மெடம்” என்றேன். “ஒருத்தரும் விலகுறேன்னு வந்து கேக்கல. சேர்தான் எழுதச் சொன்னாரு. திகதி போடாம விடலாம்னு சொன்னது நான். இவ கடிதத்துல இருக்கிற திகதி என் எழுத்து இல்ல.”

அவளுக்குரிய பிரசவக் கொடுப்பனவு பிறகு கிடைத்தது, குழந்தை குப்புற விழுகிற வயதில்தான். கிடைத்த வரைக்கும் சந்தோசம்.

விசாரணைக்கு மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் போனேன். வேறு எங்கே போவது? வாசலில் கார்ட் மாட்டும் பலகையில் என் இடம் வெறுமையாக இருந்தது. காவலாளி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தைக் காட்டினான். நான் என் சொந்த விருப்பத்தில் விலகியிருந்தேன், முந்தாநாளே. நீல மையில் புதிதாகத் திகதி போட்டிருந்தது. “சேர் பச்சைத் தொப்பிய வாங்கி வைக்கச் சொன்னார்” என்றான் தலையைக் குனிந்துகொண்டு. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறை பிரிக்கவே இல்லை.

வந்த கோபத்தில் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் அடுத்த தரிப்பிடம் வரை நடந்து, அங்கே ஏறினேன். நேற்றுப் பத்து மணிக்கு அந்தக் கடிதம் திகதி இல்லாமல் மேசையில் கிடந்தது. கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தாலும் அதன் பிரதி லேபர் ஒபிஸ் ஃபைலில் இருக்கிறது. இது நினைவுக்கு வந்தபோது பஸ் கண்டியை நெருங்கிவிட்டது. பயம் போகவில்லை. ஆனால் எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று தெரிந்தது.

லேபர் ஒபிஸ் எழுதுவினைஞர் முறைப்பாட்டுப் படிவத்தைத் தந்தார். பெயர், முகவரி, வேலை செய்த இடம். அதற்குக் கீழே, வேலை நிறுத்தப்பட்ட திகதி.

அதை நானே எழுதினேன்.